காற்று திரும்பும் நேரம்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியாது. இடையில் கட்டடங்கள். ஆனால் கடற்காற்று எப்போது வருகிறது என்பதைக் கொடியில் தொங்கும் துணி சொல்லிவிடும். காலையிலிருந்து அசையாமல் கிடந்த வேட்டி 11 மணிவாக்கில் ஒருமுறை சிலிர்க்கும். பிறகு மேற்குப் பக்கமாக உப்பி நிற்கும். அம்மா அதற்காகத்தான் காத்திருப்பார். அவருக்கு நெடுநாளாக ஆஸ்துமா. மார்கழி, தை மாதங்களில் வேட்டி அசைந்த பிறகுதான் அவர் அறை ஜன்னல் திறக்கும். மருத்துவர் யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பல குளிர்காலங்களில் பட்ட பாட்டில் அவர் நெஞ்சே கற்றுக்கொண்டது.

அவர் நெஞ்சு கற்றுக்கொண்டதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

சென்னைக் காற்று டெல்லிக் காற்றைவிடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். பொய்யில்லை. ஆனால் அதில் நம் சாமர்த்தியம் குறைவு. அண்ணா சாலையில் ஊர்ந்துபோகும் வண்டிகளின் புகை, தெருமுனையில் எரியும் குப்பை, கட்டட வேலையின் சிமென்ட் தூசி எல்லாம் மற்றப் பெருநகரங்களைப் போலத்தான் இங்கேயும் இருக்கின்றன. அவற்றை அன்றாடம் அள்ளிக்கொண்டு போவது கடற்காற்று. அதை நம்பித்தான் இந்த ஊர் புகை விடுகிறது. கடற்காற்றோ எல்லா மாதமும் எல்லா மணி நேரமும் வருவதில்லை. எல்லாப் பேட்டைக்கும் ஒரே மாதிரி உதவுவதும் இல்லை.

முதலில் ஒரு எளிய கணக்கு. நாம் மூச்சில் இழுக்கும் புகையின் அளவு, எவ்வளவு புகை கிளம்புகிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அது கலந்து கரைய எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது. வெயில் நாளின் பிற்பகலில் தரையிலிருந்து கிளம்பும் காற்று ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம்வரை புரண்டு கலக்கும். தெளிந்த குளிர்கால இரவில் அந்த உயரம் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குச் சுருங்கிவிடலாம். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரப் பாத்திரத்தில் கரைந்த அதே புகை, 150 மீட்டர் உயரப் பாத்திரத்தில் அடைபட்டால் பத்து மடங்கு கெட்டியாகும். ஒரு வண்டிகூட அதிகமாக ஓட வேண்டியதில்லை.

பாத்திரம் ஏன் சுருங்குகிறது? சூடான காற்று மேலே ஏறும்; ஏறும்போது 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம் குளிரும். தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் அது ஏறிக்கொண்டிருக்கும். பகலில் தரை சுடுவதால் கீழ்க்காற்று சூடாகவும் மேற்காற்று குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஏற்றத்துக்குத் தடையில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலைமை தலைகீழாகிறது. தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு ஆறிப்போகும்; தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் ஆறும். ஆனால் அதற்கு மேலே உள்ள அடுக்கு இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கீழிருந்து ஏறப் பார்க்கும் புகை சில பத்து மீட்டரிலேயே தன்னைவிடச் சூடான காற்றில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதற்கு வெப்பத் தலைகீழாக்கம் என்று பாடநூல்கள் பெயர் வைத்திருக்கின்றன. இட்லிப் பானைக்கு மூடி போட்டது போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

மார்கழிக் காலையில் 5.30 மணிக்குக் கபாலீசுவரர் கோயில் குளத்தங்கரைக்குப் போய்ப் பாருங்கள். மாட வீதியில் பஜனை போகும். வாசல்களில் கோலம். டீக்கடை அடுப்புப் புகை நேராக எழுந்து, மாடி உயரத்துக்குப் போனதும் ஒரு கோடு கிழித்ததுபோலப் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் நீளும். அந்தக் கோடுதான் மூடி. அதன் அடியில்தான் நாம் எல்லோரும் பாடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்கிறோம். பஜனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஆண்டிலேயே காற்று மிக மோசமாக இருக்கும் மாதங்களில், நாளிலேயே மிக மோசமாக இருக்கும் நேரத்தில், உடம்புக்கு நல்லது என்று நம்பி ஆழமாக மூச்சை இழுத்து நடக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

அந்த மூடியின் அடியில் நாமே ஊரெல்லாம் நெருப்பு மூட்டும் நாள் போகி. 2018 ஜனவரி 13, சனிக்கிழமை. அன்று விடிந்தபோது எதிர்வீடு தெரியவில்லை. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாமல், வரவேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதைச் சிலர் புகை என்றார்கள், சிலர் பனி என்றார்கள். இரண்டும் சரி. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

நீராவி தானாகத் துளியாவது கடினம். அதற்குப் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். புகை கோடிக்கணக்கில் துகள்களைக் கொடுக்கிறது. சில துகள்கள் தண்ணீரை மற்றவற்றைவிட ஆவலாக உறிஞ்சும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு நசநசப்பது நமக்குத் தெரியும். குளோரைடு கலந்த துகள்களும் அப்படித்தான். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சச்சின் குந்தே தலைமையிலான குழு டெல்லியிலும் சென்னையிலும் காற்றுத் துகள்களின் வேதியியலை அளந்து, 2021-இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டது. டெல்லியில் குளோரைடு தொடர்ந்து அதிகமாக இருந்தது. சென்னையில் அவ்வப்போது எகிறியது. டெல்லியில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் அமோனியாவும் சேர்ந்து துகள்களை நீர் உறிஞ்சவைத்துப் பெருக்குகின்றன என்றும், குளிர்காலத்தில் அங்கே பார்வைத் தொலைவு குறைவதில் சுமார் பாதிக்கு இதுவே காரணம் என்றும் அந்தக் குழு கணக்கிட்டது. அமிலத்தின் மூலமாக அவர்கள் சந்தேகித்தவை தொழிற்சாலைகளும் பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதும்.

இப்போது போகி நெருப்பை நினைத்துப் பாருங்கள். எங்கள் தாத்தா காலத்தில் எரிந்தவை பழம்பாய், துடைப்பம், கிழிந்த முறம். இன்று அதே நெருப்பில் பி.வி.சி. குழாய், ஒயர் கூடை, ரெக்சின் பை, சைக்கிள் டயர் எல்லாம் விழுகின்றன. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். டயர் எரிவது முன்னைவிடக் குறைந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் நெருப்பு மூட்டும் நேரம் மாறவில்லை. விடியற்காலை 4 மணி, 5 மணி. மூடி மிகத் தாழ்ந்திருக்கும் நேரம். அதே குப்பை நண்பகலில் எரிந்திருந்தால் இவ்வளவு தீங்கு செய்திருக்காது என்பதை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

தீபாவளிக்கும் இது பொருந்தும். உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கங்கா ஸ்நானம் முடித்து விடிகாலையில் வெடிக்கும் நம் வழக்கத்தை மதித்து எடுத்த முடிவு. காற்றின் கணக்கில் இரண்டுமே நல்ல நேரம் அல்ல. ஒன்று தரையின் சூடு இன்னும் ஏறாத நேரம், மற்றது கடற்காற்று தளர்ந்துகொண்டிருக்கும் நேரம். தீபாவளி ஐப்பசி அடைமழையில் வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும். மழை விட்ட, மேகமில்லாத இரவில் வந்தால் மறுநாள் காலைவரை அந்தப் புகை நம்மோடுதான் தங்கும்.

சரி, மூடியைத் திறப்பது யார்? சூரியன் பாதி திறக்கிறது, கடல் மீதியை.

வெயில் ஏற ஏறத் தரை சுடுகிறது; அடியில் அடைபட்டிருந்த காற்று புரளத் தொடங்குகிறது. இந்த நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரவில் உயரமான புகைபோக்கிகள் விட்ட புகை மூடிக்கு மேலே போய்த் தங்கியிருக்கும். காலை 8, 9 மணிக்கு மூடி உடையும்போது அதுவும் கீழே இறங்கிக் கலக்கிறது. ஊர் முழுக்க வண்டியை எடுப்பதும் அந்த நேரத்தில்தான். அதன் பிறகு கடல். தண்ணீர் சூடாவதற்கு நிலத்தைப் போல நான்கைந்து மடங்கு வெப்பம் கேட்கும். அலை அதைக் கலக்கிக் கீழேயும் கொண்டுபோய்விடும். அதனால் மே மாதத்தில் தரை 40 டிகிரியைத் தொடும்போதும் வங்கக் கடலின் மேற்பரப்பு 30 டிகிரிவாக்கில் நிற்கும். நிலத்தின் மேல் காற்று விரிந்து எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் கிடக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. சில நூறு மீட்டர் கனத்தில், மணிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் அது வரும். அதன் முன்முனை மெரினாவைக் கடந்து, மயிலாப்பூரைக் கடந்து, தி.நகரைக் கடந்து உள்நாடு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் பெரும்பாலான கோடை நாட்களில் சற்று அதிகமாகச் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: கடற்காற்று அங்கே போய்ச் சேரத் தாமதமாகிறது.

இப்படி வரும் காற்றுக்கு மேற்கே தடுப்பு இல்லாதது சென்னையின் பெரிய அதிர்ஷ்டம். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளைத் தவிர இங்கே எல்லாம் தட்டை நிலம். டெல்லி கடலிலிருந்து வெகுதூரம். வடக்கே இமயமலை அரணாக நிற்கும் கங்கைச் சமவெளியில் குளிர்காலக் காற்று குளத்துத் தண்ணீர் போலத் தேங்கும். லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கடல் இருக்கிறது. ஆனால் நகரத்துக்குப் பின்னால் மலைகள். பசிபிக் கடற்காற்று அந்த ஊரின் புகையைத் தள்ளிக்கொண்டு போய் மலையடிவார ஊர்களில் கொட்டுகிறது. 1940-களிலிருந்து அந்த ஊர் அதனோடு போராடுகிறது. நமக்கோ ஸ்ரீபெரும்புதூர் தாண்டியும் திறந்த வெளி.

கடற்காற்று வரும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். நம் முன்னோர் காற்றுக்குத் திசை வைத்தே பெயர் வைத்தார்கள்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். சென்னையின் காற்றுத் தரத்தை இந்த நான்கு பெயர்களை வைத்துக்கொண்டே படித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பங்குனி, சித்திரையில் தென்கிழக்கிலிருந்து காற்று சீக்கிரமே வந்துவிடும். ஆனியில் தென்மேற்குப் பருவம் வலுத்தால் கோடைக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடற்காற்று அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். சில நாட்களில் பிற்பகல் 2, 3 மணியாகும். சில நாட்களில் வரவே வராது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாட்கள் மேற்குக் காற்று கடற்காற்றைக் கரையேற விடாத நாட்கள். அடையாறு ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவரிடம் ஓர் ஆனி மாதக் காலையில், “அண்ணே, கடல் காத்து எப்போ வரும்?” என்று கேட்டேன். வலையை மடித்துக்கொண்டே, “கச்சான் வுடணும் சார். அது வுட்டாத்தான் இது வரும்” என்றார். மேற்கிலிருந்து வரும் காற்றை அவர்கள் கச்சான் என்பார்கள். வானிலையாளர்கள் படம் போட்டு விளக்குவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆனி முதல் ஆவணிவரை வெயில் வாட்டினாலும் துகள் கணக்கில் மோசமான காலம் அல்ல. பகலில் காற்று பலமாக வீசும். மாலையில் கடற்காற்றின் முன்முனையில் திரளும் மேகம் இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். ஆனால் சுட்டெரிக்கும் வெயிலுக்கென்று தனி மாசு ஒன்று உண்டு. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் ஆவிகளும் வெயிலில் வெந்து ஓசோன் ஆகின்றன. வானத்தின் உச்சியில் நம்மைக் காக்கும் அதே ஓசோன் மூக்கருகே நுரையீரலை எரிக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். புகை கண்ணில் படவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

வடகிழக்குப் பருவம் வந்துவிட்டால் ஊரே கழுவப்படும். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் முற்பாதியில் விழுகிறது. மழைத்துளி பெரிய தூசியை நன்றாகப் பிடித்து இறக்கும். மிக நுண்ணிய துகள்களை அவ்வளவு எளிதில் பிடிக்காது. அவை துளியைச் சுற்றி வளைந்து ஓடும் காற்றோடு நழுவிவிடும். ஆனாலும் தொடர்ந்து நாலு நாள் பெய்தால் தெருத்தூசி அடங்கும், குப்பை எரியாது, காற்று ஓயாது.

அதே பருவத்தில் மழை ஒரு வாரம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2019 நவம்பரில் பார்த்தோம். வங்கக் கடலில் புல்புல் புயல் உருவாகி வங்காளக் கரையை நோக்கிப் போனது. ஈரமும் காற்றும் அதன் பக்கம் இழுபட, சென்னையில் மழை நின்று காற்று ஓய்ந்தது. ஊரை மங்கலான ஒரு திரை மூடியது. டெல்லிப் புகை இறங்கி வந்துவிட்டது என்றார்கள் சிலர். டெல்லிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது அரசுத் தரப்பு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சாப், அரியானா வயல்களில் நெல் அறுத்த தாளை எரிக்கிறார்கள், கோதுமை விதைக்க நாள் குறைவாக இருப்பதால். அந்தப் புகை கங்கைச் சமவெளி வழியாக வங்கக் கடல்வரை வருவது தெரிந்த செய்தி. 1999-இல் வீரபத்ரன் ராமநாதனும் பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, குளிர்காலத்தில் துணைக்கண்டத்தின் புகை பெருங்கடலின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடப்பதைக் காட்டியது. வாடைக்கு ஊர் எல்லை தெரியாது. ஆனால் தூரத்துப் புகை நம்மை வந்து எட்டும் நாளில் உள்ளூர்ப் புகையும் போக வழியில்லாமல் தங்கியிருந்தது. தூரத்துப் புகையை மட்டும் காரணம் காட்டினால் நம் வாசலில் எரிந்த குப்பை கணக்கில் வராமல் போய்விடும்.

வாடைக்கு இன்னொரு முகம் உண்டு. தி.நகருக்கு ஏறக்குறைய நேர் வடக்கே மணலி. அதற்கும் வடக்கே எண்ணூர். அங்கே பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள். வடக்கிலிருந்து மெல்லிய காற்று வீசும் குளிர்கால விடியல்களில் தென் சென்னை அவற்றின் கீழ்க்காற்றில் இருக்கிறது. ஆனால் இது நமக்குச் சில நாட்கள், சில மணி நேரம். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் அதுதான் அன்றாடம்.

நமக்கு நன்மை செய்யும் கடற்காற்றேகூட அங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும். கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று அமைதியானது, அதில் புரளல் குறைவு. கரையோரப் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை அந்த அமைதியான காற்றில் கலையாமல், ஒரு துணிச்சுருள் போல உள்நாடு நோக்கிப் போகும். சில கிலோமீட்டர் போனதும் சுட்ட நிலத்திலிருந்து எழும் புரளல் அதை எட்டிப் பிடித்துத் தரைக்கு இழுத்துவிடும். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர் தப்பித்துக்கொள்ள, தள்ளி இருப்பவர் தலையில் புகை இறங்கும். கரையோர அணு உலைகளுக்காக இந்தப் புரளல் அடுக்கைக் கல்பாக்கத்து ஆய்வாளர்கள் விரிவாக அளந்திருக்கிறார்கள். அறிவு இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. புகைபோக்கி எங்கே நிற்கலாம், அதற்குப் பின்னால் யார் குடியிருக்கலாம் என்று திட்டமிடும் மேசைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

ஒருமுறை சேர்ந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் குவித்துக் கையாண்ட காலத்தில், கடற்காற்று அந்தத் தூசியை ராயபுரத்துக்கும் பாரிமுனைக்கும் கொண்டுபோய்க் கொட்டியது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை நிறுத்த உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. பாரிமுனை வெளுத்தது. எண்ணூரின் சுமை கூடியது.

மீண்டும் நம் பக்கம் வருகிறேன். தி.நகரை நின்று பார்க்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் அது ஏரி. மயிலாப்பூரிலிருந்து மாம்பலம், நுங்கம்பாக்கம்வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பின் ஒரு பகுதியை 1920-களில் வடித்து, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியின் பெயரில் நகர் அமைத்தார்கள். அந்த ஏரியை நம்பி விவசாயம் நடந்த கிராமம் மாம்பலம். தண்ணீருக்கு மேல் தடையில்லாமல் தவழ்ந்து வந்த காற்று இன்று கட்டடங்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டியிருக்கிறது.

தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது இங்கே முக்கியமாகிறது. பாண்டி பஜாரின் தியாகராய சாலை கிழக்கு மேற்காக ஓடுவதால் கடற்காற்று அதில் நேராக நுழைந்து வெளியேறும். 2019-இல் அங்கே நடைபாதையை அகலப்படுத்தி மரநிழலில் நடக்கவிட்டது நல்ல காரியம். உஸ்மான் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. கடற்காற்று அதன் கட்டடங்களின் தலைக்கு மேலே குறுக்காகப் போகும்போது, சாலைக்குள் உள்ள காற்று உருளையாகச் சுழலத் தொடங்கும்: மேற்குப் பக்கச் சுவரில் இறங்கி, தரையோடு கிழக்கே நகர்ந்து, கிழக்குப் பக்கச் சுவரோரமாக ஏறும். தரையோடு நகரும்போது வண்டிப் புகையை வழித்துக்கொண்டு கிழக்கு நடைபாதையில் சேர்க்கும். கோட்பாட்டளவில், நல்ல கடற்காற்று வீசும் மாலையில் மேற்கு நடைபாதையில் நடப்பவர் கிழக்கில் நடப்பவரைவிடச் சுத்தமான காற்றைச் சுவாசிக்கிறார். மேம்பாலமும் விளம்பரப் பலகைகளும் இதைக் கொஞ்சம் குலைக்கும். ஆனால் நாள் முழுக்க கிழக்குப் பக்கம் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மாவுக்கு இந்தச் சுழல் சின்ன விஷயம் அல்ல.

அடையாறு இதில் கொடுத்துவைத்தது. ஆற்று முகத்துவாரம் கடற்காற்றுக்குத் திறந்த வாசல். பிரம்மஞான சபைத் தோப்பு, அதற்கு மேற்கே 270 ஹெக்டேர் கிண்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டி ஐ.ஐ.டி. காடு. அங்கே வண்டி குறைவு, எரிப்பு குறைவு. இலை கொஞ்சம் தூசியைப் பிடித்து வைக்கும். மரங்களே காற்றைச் சுத்தம் செய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். புகை கிளம்பாத இடம் ஒன்று ஊருக்கு நடுவே மிஞ்சியிருப்பதுதான் பெரிய லாபம்.

ஆனால் தெற்கே கொஞ்சம் போனால் பெருங்குடிக் குப்பைமேடு. 2022 ஏப்ரல் கடைசி வாரத்தில் அது பற்றிக்கொண்டு நாட்கணக்கில் எரிந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் விளிம்பில், ஆண்டுக்கணக்கில் அழுகிய குப்பையின் மீத்தேனே உள்ளிருந்து நெருப்புக்குத் தீனி போடும் இடம் அது. சித்திரை மாதத்தில் பகல் காற்று புகையை நிலப்பக்கம் தள்ளும், இரவில் காற்று ஓயும்போது புகை அங்கேயே படுக்கும். யார் எப்போது ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதைக் கடிகாரமும் காற்றுத்திசையுமே முடிவு செய்தன.

இவ்வளவையும் அளக்க நம்மிடம் கருவிகள் உண்டு. ஆனால் நாம் பெரும்பாலும் கேட்பது சராசரி. தலைமுடியின் தடிமன் 60 மைக்ரான் என்றால் அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான, ரத்தத்தில் கலக்கும் அளவுக்கு நுண்ணிய பி.எம். 2.5 துகளுக்கு, 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது 2009-இல் இந்தியா வகுத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. ஒரு நாளில் இரவு முதல் காலைவரை 6 மணி நேரம் 100 என்றும், மீதி 18 மணி நேரம் 20 என்றும் வைத்துக்கொண்டால் சராசரி 40. வரம்புக்குள் இருந்த நாள் என்று பதிவாகும். அந்த 6 மணி நேரத்துக்குள் துப்புரவுப் பணியாளர் தெருவைக் கூட்டி முடித்திருப்பார், பால்காரர் தம் சுற்றை முடித்திருப்பார், அம்மா இரண்டு முறை இன்ஹேலரை இழுத்திருப்பார். ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் மணிக்கணக்கில் விவரம் தருகின்றன. கையால் மாதிரி எடுக்கும் நிலையங்கள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் இயங்கும். மழை வருமா என்று காலையில் வானொலி சொல்வதைப் போல, “இன்று 9 மணிவரை மூடி தாழ்ந்திருக்கும், நடைப்பயிற்சியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று யாராவது சொன்னால் எத்தனையோ வயதானவர்கள் பிழைப்பார்கள். வானிலைத் துறைக்கு அது முடியாத காரியம் அல்ல.

சென்ற போகியன்று காலை எங்கள் தெருவில் மூன்று இடங்களில் நெருப்பு. ஒரு வீட்டில் மட்டும் போய்ச் சொல்ல முடிந்தது. “ஒரு பாய் மட்டும்தான் சார், ஐதீகம்” என்றார்கள். அம்மா கதவு இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். 7 மணிக்குச் சூரியன் செம்பு நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. 9 மணிக்குத் தெருமுனை புலப்பட்டது. 11 மணிக்கு மாடிக்குப் போனேன். கொடியில் வேட்டி சிலிர்த்தது, பிறகு தென்மேற்கே உப்பியது. மார்கழிக் கடைசியில் வடகிழக்கிலிருந்துதான் வரும். கீழே இறங்கி ஜன்னலைத் திறந்துவிட்டேன். அம்மா கண்ணை மூடி நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் நங்கநல்லூரிலிருந்து தங்கை போன் செய்தாள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, “இங்கே காலையிலதான் புகைன்னு பார்த்தா, இப்போ மறுபடியும் லேசா ரப்பர் நாத்தம் வருதுண்ணா. பக்கத்துல யாரும் எதுவும் கொளுத்தல. எங்கேர்ந்து வருதுன்னே தெரியல” என்றாள். மாடிக் கொடியில் வேட்டி இன்னும் அவள் வீட்டுத் திசையைப் பார்த்துத்தான் உப்பிக்கொண்டிருந்தது.